உப்பும் செலாவணியும்: மரக்காணம் – புதுச்சேரிக் கடற்கரையில் ரூபாய், பிராங்க் மாற்று விகிதங்களின் வரலாறு (1815–1954)

ஆய்வுச்சுருக்கம்

மரக்காணம் உப்பளக் கரைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சிறு தொலைவுக்குள் இரு பேரரசுகளின் நாணயக் கணக்குகள் அருகருகே இயங்கின. உப்பு உற்பத்தியை முன்னிட்டுப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் 1815, 1818 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்படிக்கைகள், அவற்றில் குறிக்கப்பட்ட நாணயங்கள், அந்நாணயங்களுக்கும் பிராங்க், பவுண்டு ஆகியவற்றுக்கும் இடையே நிலவிய மாற்று விகிதங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கடன் எந்த நாணயத்தில் எழுதப்பட்டதோ அதுவே செலாவணி வீழ்ச்சியின் சுமையை யார் தாங்குவது என்பதைத் தீர்மானித்தது என்பதும், லண்டனுக்குச் செலுத்த வேண்டியிருந்த தங்கக் கடனின் சுமை உப்பு வரியின் வழியாக உப்பு உண்போர் மீது இறங்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மரக்காணம், புதுச்சேரி, உப்பு ஏகபோகம், சிக்கா ரூபாய், நட்சத்திர வராகன், பிராங்க், செலாவணி, உப்பு வரி.

1. முன்னுரை

தமிழக நாணய வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நாணயங்களின் உருவம், எழுத்துப் பொறிப்பு, வெளியிட்ட அரசர் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. ஒரு நாணயத்துக்கும் மற்றொரு நாணயத்துக்கும் இடையிலான மாற்று விகிதம் பொருளியலாரின் துறையாகக் கருதப்பட்டு, வட்டார வரலாற்றின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டது. லண்டனிலும் பாரிசிலும் முடிவாகும் விகிதங்களுக்கும் தென்னார்க்காட்டுக் கடற்கரைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். மரக்காணம் – புதுச்சேரிக் கடற்கரையின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

மரக்காணம் தொன்மையான துறைமுகப் பகுதி. சிறுபாணாற்றுப்படை சுட்டும் ஓய்மானாட்டு எயிற்பட்டினத்தை அறிஞர் பலர் இவ்வூருடன் இணைத்துக் காண்கின்றனர். கழுவேலி நீர்நிலையும் அதைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரமும் இக்கரையின் உப்பளங்களுக்கு உவர்நீர் தருகின்றன. 1801-இல் கருநாடக நவாபின் ஆட்சிப்பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தபோது தென்னார்க்காட்டின் பகுதியாக மரக்காணமும் அதன்கீழ் வந்தது. வடக்கிலிருந்து கடற்கரையை ஒட்டி வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையாகவும் இவ்வூர் அமைந்தது. ஆகவே இவ்வூரின் உப்பு சென்னை மாகாணத்தின் வருவாய் அமைப்போடு நெருங்கப் பிணைந்திருந்தது.

தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. அதன் நிலப்பகுதி ஒரே பரப்பாக இல்லாமல் பிரித்தானிய ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயலைக் கடந்தால் ஆட்சி மாறும் இந்நிலையில் விலை வேறுபாடு உள்ள எப்பொருளும் எளிதில் எல்லை தாண்டும். அப்பொருள்களுள் உப்பே முதன்மையானது. இரு அரசுகளையும் ஓர் உடன்படிக்கைக்குக் கொண்டுவந்ததும் அதுவே.

2. ஒரு கரையில் பல நாணயங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையில் ஒரே நாணயம் வழங்கவில்லை. சென்னை அரசின் கணக்குகள் நட்சத்திர வராகனில் எழுதப்பட்டன. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது சென்னைக் கணக்கு. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது அரசு ஏற்ற விகிதம். எனவே ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்கும், ஒரு ரூபாய் 12 பணத்துக்கும் சமம். புதுச்சேரியிலோ ஒரு ரூபாய்க்கு 8 பணம். ‘பணம்’ என்ற ஒரே சொல் எல்லையின் இருபுறமும் இரு வேறு மதிப்புகளைக் குறித்தது.

புதுச்சேரி அக்கசாலைக்கு ரூபாய் அடிக்கும் உரிமை 1736-இல், ஆளுநர் துய்மா காலத்தில், கிடைத்தது. அங்கு அடிக்கப்பட்ட ஆர்க்காட்டு ரூபாய் பிறைக் குறியால் அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயில்வோர், வணிகர்களுக்கு நாணய மாற்று எத்தகைய அன்றாட அலுவலாக இருந்தது என்பதை அறிவர். பிரெஞ்சு ஆட்சி ஐரோப்பிய நாணயத்தை இங்குத் திணிக்கவில்லை. இங்கு வழங்கிய ரூபாயையே தன் அக்கசாலையில் அடித்தது. இந்த அடிப்படை பிரெஞ்சு ஆட்சியின் இறுதிவரை மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சென்னை அரசு 1805-இல் உப்பு ஏகபோகத்தை நிறுவியது. உற்பத்தியாளர் விளைவித்த உப்பு முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஈடாக அவர்கள் ‘குடிவாரம்’ பெற்றனர். அரசின் விற்பனை விலை ஒரு கரிசைக்கு 70 ரூபாய். 1809-இல் அது 105 ரூபாயாக உயர்ந்தது. முழு எண்ணாகத் தோன்றாத இத்தொகைகளுக்கு நாணயக் கணக்கு விளக்கம் தருகிறது. 70 ரூபாய் என்பது 20 வராகன். 105 ரூபாய் என்பது 30 வராகன். வராகனில் முழுமையாக அமைந்த விலை ரூபாய்க்கு மாற்றப்படும்போது இவ்வாறு தோன்றுகிறது எனக் கொள்வதே பொருத்தம். வராகன் வழக்கொழிந்த பிறகு, 1844-இல் விலை கரிசைக்கு 120 ரூபாய் என நிலைபெற்றது. ஒரு கரிசை 120 மணங்கு. ஆகவே மணங்குக்கு ஒரு ரூபாய். உப்பின் விலைப்பட்டியலே ஒரு நாணயத்தின் மறைவையும் மற்றொன்றின் வரவையும் காட்டும் சான்றாகிறது.

3. 1815, 1818 உடன்படிக்கைகள்

நெப்போலியப் போர்களுக்குப் பின் இந்தியக் குடியேற்றங்கள் பிரான்சிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, சென்னையிலும் வங்காளத்திலும் உப்பு ஏகபோகம் வேரூன்றியிருந்தது. பிரெஞ்சுப் பகுதிகளில் தடையின்றி உப்பு விளைவிக்கப்பட்டால், ஏகபோக விலையில் விற்கப்படும் உப்பை அது சந்தையிலிருந்து விரட்டிவிடும். மரக்காணம் போன்ற அண்டை உப்பளங்களிலிருந்து கிடைக்கும் வருவாய் இதனால் நேரடியாகப் பாதிக்கப்படும். இந்த இடரை நீக்கவே 1815 மார்ச் 7-இல் லண்டனில் உடன்படிக்கை கையெழுத்தானது.

அதன்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை பிரித்தானிய அரசுக்கு வழங்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பிரான்சுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் அளிக்கப்பட வேண்டும். பிரெஞ்சு அரசின் கணக்குகளில் இத்தொகை ‘இந்திய வருவாய்’ என்ற பொருள்படும் தலைப்பில் இடம்பெற்றது. கடத்தலைத் தடுக்கும் பொருட்டு, பிரெஞ்சுப் பகுதிகளின் சில்லறை உப்பு விலை அண்டைப் பிரித்தானியப் பகுதிகளின் விலையை ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது.

இதன் தொடர்ச்சியாக 1818 மே 13-இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு உற்பத்தியே நிறுத்தப்பட்டது. உப்பளங்களை இழந்த உரிமையாளர்களுக்கு ஈடு வழங்க ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் ஒதுக்கப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் மக்களின் தேவைக்கான உப்பைப் பிரித்தானிய அரசு வழங்கியது. கடலோரத்தில் வாழ்ந்த புதுச்சேரி மக்கள் தம் உப்பை அயல் ஆட்சியிடமிருந்து பெறும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இவ்விரு தொகைகளும் இரு வேறு நாணயங்களில் குறிக்கப்பட்டமை கவனத்துக்குரியது. அரசுக்கு அரசு செலுத்தும் தொகை வங்காளத்தின் சிக்கா ரூபாயில் அமைந்தது. உள்ளூர் உரிமையாளருக்கான ஈட்டுத்தொகை சென்னையின் வராகனில் அமைந்தது. இரண்டும் பிராங்கிலோ பவுண்டிலோ எழுதப்படவில்லை. அக்காலத்தில் இது பெரிதாகத் தோன்றியிராது. ஏனெனில் சிக்கா ரூபாய், பிராங்க் ஆகிய இரண்டுக்கும் வெள்ளியே உரைகல்லாக இருந்தது.

4. வெள்ளி இணைத்த விகிதம்: 1815–1873

வெள்ளி நாணயங்களுக்கு இடையிலான மாற்று விகிதத்தை அறிய அவற்றின் தூய வெள்ளி அளவை ஒப்பிட்டால் போதும். பிரான்சின் 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிராங்க் 5 கிராம் எடையும் பத்தில் ஒன்பது பங்கு மாற்றும் உடையது; தூய வெள்ளி 4.5 கிராம். 1835-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம் அறிமுகப்படுத்திய கம்பெனி ரூபாய் 180 கிரெயின் எடையுடையது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 165 கிரெயின், தூய வெள்ளி. மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 10.69 கிராம். இதனை 4.5-ஆல் வகுக்க, ஒரு கம்பெனி ரூபாய் ஏறத்தாழ 2.38 பிராங்குக்குச் சமம் என்பது பெறப்படும்.

சிக்கா ரூபாய் இதைவிடக் கனமானது. அதன் இறுதி வடிவில் 192 கிரெயின் எடையும் 176 கிரெயின் தூய வெள்ளியும் இருந்தன. 176-க்கும் 165-க்கும் உள்ள விகிதம் 16-க்கு 15. எனவே 15 சிக்கா ரூபாய்க்கு 16 கம்பெனி ரூபாய் என்ற அரசு விகிதம் வெள்ளி அளவின் நேரடி விளைவே. 4 லட்சம் சிக்கா ரூபாய் இவ்விகிதப்படி 4,26,666 ரூபாய் 10 அணா 8 பை ஆகிறது. வெள்ளிக் கணக்கில் இதன் மதிப்பு ஏறத்தாழ 10.1 லட்சம் பிராங்க். அவ்வாறே 4,000 வராகன் 14,000 ரூபாயாகவும், அது ஏறத்தாழ 33,000 பிராங்காகவும் கணக்கிடப்படும்.

ஆக, 1873 வரை பாரிசில் இருந்த அதிகாரி ஒருவர் ‘இந்திய வருவாய்’ என்பதைப் பத்து லட்சம் பிராங்க் என்றே கருதியிருக்க முடியும். பிரான்ஸ் தங்கத்தையும் வெள்ளியையும் 1-க்கு 15.5 என்ற விகிதத்தில் ஒருசேர ஏற்றிருந்தது. அக்கசாலைக்கு யார் எந்த உலோகத்தைக் கொண்டுவந்தாலும் இவ்விகிதப்படி நாணயமாக்கித் தந்தது. உலகில் வெள்ளியின் விலையை நிலைநிறுத்தியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. லண்டன் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 60 பென்ஸ் அளவிலும், ரூபாய் இரண்டு ஷில்லிங்கை ஒட்டியும் நிலைத்திருந்தன. மரக்காணத்து உப்பின் ரூபாய் விலையும், புதுச்சேரி உடன்படிக்கையின் பிராங்க் மதிப்பும், லண்டனின் பவுண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று முரணின்றி இயங்கிய காலம் இது.

5. வெள்ளியின் வீழ்ச்சி: 1873–1893

ஜெர்மனி 1871–73-இல் தங்க நாணய முறைக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்களிலிருந்து புது வெள்ளி பெருகி வந்தது. தன் அக்கசாலைகளில் வெள்ளி குவிவதைக் கண்ட பிரான்ஸ் 1873-இல் வெள்ளி நாணயமாக்கலுக்கு வரம்பு விதித்தது. பின்னர் முற்றிலும் நிறுத்தியது. இதனால் பிராங்க் தங்கத்தோடு பிணைந்தது. ரூபாய் வெள்ளியோடு தங்கிவிட்டது. இரண்டையும் இணைத்த பொது உரைகல் மறைந்தது.

ரூபாயின் லண்டன் மாற்று விகிதம் 1871–72-இல் சராசரியாக 23.1 பென்ஸ். 1882–83-இல் 19.5 பென்ஸ். 1888–89-இல் 16.4 பென்ஸ். 1892–93-இல் 15 பென்சுக்கும் சற்றுக் குறைவு. 1894–95-இல் 13.1 பென்ஸ். ஒரு பவுண்டு 25.22 பிராங்குக்குச் சமம் என்ற தங்க விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், 1894–95-இல் ஒரு ரூபாய் 1.38 பிராங்க் மட்டுமே. பத்து லட்சம் பிராங்காக இருந்த உப்பு ஆண்டுத்தொகையின் மதிப்பு 5.9 லட்சம் பிராங்காகச் சுருங்கியது. உடன்படிக்கையின் ஒரு சொல்லும் மாறவில்லை. ரூபாய்த் தொகையில் ஓர் அணாவும் குறையவில்லை. ஆயினும் பிராங்குக் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. கடன் ரூபாயில் எழுதப்பட்டிருந்ததால், இழப்பைத் தாங்கியது கடன் கொடுத்தவர் நிலையில் இருந்த பிரான்ஸ்.

இதே காலத்தில் இந்தியா லண்டனுக்குச் செலுத்த வேண்டியிருந்த ‘உள்நாட்டுச் செலவினங்கள்’ எனப்பட்ட தொகையின் நிலை நேர்மாறானது. இரயில்வே வட்டி, ஓய்வூதியம், படைச் செலவு முதலியவை அதில் அடங்கும். அவை பவுண்டில், அதாவது தங்கத்தில், குறிக்கப்பட்டிருந்தன. ரூபாய் இரண்டு ஷில்லிங்காக இருந்தபோது ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய் போதும்; 13.1 பென்சாக வீழ்ந்தபோது 18 ரூபாய்க்கு மேல் வேண்டும். இந்திய நாணயம் குறித்து ஆராய்ந்த எர்ஷல் குழுவின் கணக்குப்படி, 1892–93-இல் ஏறத்தாழ 1.65 கோடி பவுண்டு அனுப்ப 26.48 கோடி ரூபாய் தேவைப்பட்டது. 1873–74-இன் விகிதத்தில் அதற்கு 17.75 கோடி ரூபாயே போதுமானதாக இருந்திருக்கும். வேறுபாடு 8.73 கோடி ரூபாய். அக்காலத்தில் பிரித்தானிய இந்தியா முழுவதிலும் உப்பின் வழியே ஓராண்டில் திரண்ட வருவாயும் எட்டரைக் கோடி ரூபாய் அளவினதே. இந்தியாவின் ஓராண்டு உப்பு வருவாய் முழுவதும் செலாவணி வேறுபாட்டைச் சரிக்கட்டவே போதுமானது என்ற நிலை இது.

இரு கடன்களையும் ஒப்பிடும்போது அரசியல் உண்மை ஒன்று புலப்படுகிறது. பிரான்ஸ் தனக்கு வரவேண்டியதை ரூபாயில் ஏற்றதால் இழந்தது. லண்டன் தனக்கு வரவேண்டியதைப் பவுண்டில் எழுதிக்கொண்டதால் இழக்கவில்லை. வெள்ளியின் வீழ்ச்சி ஒன்றே. அதன் சுமையைத் தாங்கியவர் வேறு. கடன் எழுதப்பட்ட நாணயம் எது என்பதும், அதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுமே இவ்வேறுபாட்டின் காரணங்கள்.

6. உப்பளத்துக்கு வந்த செலாவணி

லண்டன் கடனின் கூடுதல் ரூபாய்ச் சுமையை எவ்வாறு ஈடுகட்டுவது என்பதே அரசின் முன் நின்ற வினா. நிலவரியை விரும்பியபோது உயர்த்த இயலாது. இறக்குமதி வரிக்கு மான்செஸ்டர் ஆலையதிபர்களின் எதிர்ப்பு இருந்தது. எஞ்சியவற்றுள் எளிதாக உயர்த்தத்தக்கது உப்பு வரி.

1878-இல் சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக இருந்தது. மணங்கு என்பது இங்கு 82 பவுண்டு எடைக்குச் சற்று மிகுந்த, ஏறத்தாழ 37.3 கிலோகிராம் அளவு. 1882-இல் வரி 2 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 1888 ஜனவரியில் அது மீண்டும் 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. மேல் பர்மாவைக் கைப்பற்றிய செலவும் செலாவணி வீழ்ச்சியும் இதற்குரிய காரணங்களாகக் கூறப்பட்டன.

இவ்வுயர்வைப் பவுண்டுக் கணக்கில் நோக்குவது பயன்தரும். 1882–83-இல் 2 ரூபாய் வரியின் லண்டன் மதிப்பு 39 பென்ஸ். 1888–89-இல் இரண்டரை ரூபாய் வரியின் லண்டன் மதிப்பு 41 பென்ஸ். ரூபாயில் நான்கில் ஒரு பங்கு உயர்ந்த வரி, பவுண்டில் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. இதை அரசு முன்கூட்டித் திட்டமிட்டுக் கணக்கிட்டது எனக் கூறச் சான்று தேவை. ஆனால் விளைவு ஐயத்துக்கு இடமற்றது. ரூபாயின் வீழ்ச்சியால் அரசு வருவாயின் பவுண்டு மதிப்பில் நேர்ந்த குறைவு, உப்பைப் பொறுத்தவரை, வரியுயர்வால் நிரப்பப்பட்டது.

அரசின் இந்தக் கணக்கு பவுண்டில் நிகர் கண்டது. உப்பு வாங்கியவரின் கணக்கோ ரூபாயிலும் அணாவிலும் நடந்தது. பாத்தி மிதித்து உப்பு வாரியவரும், கால்வாயில் படகு தள்ளியவரும், கூடையில் சுமந்து விற்றவரும் தம் கூலியை லண்டன் விகிதத்தின்படி பெறவில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒரு மணங்கு உப்பின் மீது எட்டணா கூடியது என்பதே செய்தி. செலாவணி என்ற சொல்லையே கேட்டறியாத குடும்பமும் செலாவணி வேறுபாட்டைச் செலுத்தியது. 1889-இன் சென்னை உப்புச் சட்டம் உற்பத்தி உரிமம், கண்காணிப்பு, தண்டனை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி இவ்வரியைத் தப்ப முடியாத ஒன்றாக்கியது. உவர்மண்ணைக் காய்ச்சித் தம் தேவைக்கு உப்பெடுப்பதும் குற்றமானது.

புதுச்சேரி மக்களும் இச்சுமைக்கு முற்றிலும் வெளியே இல்லை. உப்பின் சில்லறை விலை இருபுறமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்பதே உடன்படிக்கையின் நோக்கம். எனவே பிரித்தானிய அரசு லண்டன் கடனுக்காக விலையை உயர்த்தியபோது, லண்டனுக்கு எக்கடனும் இல்லாத பிரெஞ்சுப் பகுதியின் விலையும் அதே திசையில் இழுக்கப்பட்டது. பாரிசின் கருவூலம் ரூபாயின் வீழ்ச்சியால் இழந்தது ஒருபுறம். புதுச்சேரிக் குடிமக்கள் அதே வீழ்ச்சியின் மற்றொரு விளைவான உப்பு விலையுயர்வுக்கு உள்ளானது மறுபுறம்.

7. நிலைநிறுத்தப்பட்ட ரூபாய், சரிந்த பிராங்க்: 1893–1930

1893 ஜூன் 26-இல் இந்திய அக்கசாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. பவுலர் குழுவின் பரிந்துரைக்குப் பின் ஒரு ரூபாய் ஒரு ஷில்லிங் 4 பென்ஸ் என்ற விகிதம் நிலைபெற்றது. பிராங்குக் கணக்கில் அது 1.68. அவ்விகிதத்தில் உப்பு ஆண்டுத்தொகையின் மதிப்பு 7.2 லட்சம் பிராங்க். செலாவணி நெருக்கடி தணிந்தபின் உப்பு வரியும் குறைந்தது: 1903-இல் 2 ரூபாய், 1905-இல் ஒன்றரை ரூபாய், 1907-இல் ஒரு ரூபாய். வரி உயர்ந்த காலமும் தாழ்ந்த காலமும் செலாவணியின் போக்கோடு ஒத்துச் செல்வது இங்கும் தெளிவு.

முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. இம்முறை சரிந்தது பிராங்க். 1926 ஜூலையில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 240 பிராங்க் என்ற நிலை வந்தது. அப்போது ரூபாய் ஒரு ஷில்லிங் 6 பென்சை ஒட்டியிருந்தமையால், ஒரு ரூபாய்க்கு 18 பிராங்க் என்ற கணக்கு எழுகிறது. புவங்காரே ஆட்சியின் சீர்திருத்தங்களுக்குப் பின் 1928 ஜூன் சட்டம் பவுண்டுக்கு 124.21 பிராங்க் என்ற விகிதத்தை நிலைநாட்டியது. ஹில்டன் யங் ஆணையத்தைத் தொடர்ந்து வந்த 1927-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ரூபாயை ஒரு ஷில்லிங் 6 பென்சில் நிறுத்தியது. இரண்டையும் இணைத்தால் ஒரு ரூபாய் ஏறத்தாழ 9.3 பிராங்க். 4,26,666 ரூபாயின் மதிப்பு இவ்விகிதத்தில் 39.7 லட்சம் பிராங்க். ஒரு காலத்தில் ரூபாயில் கடன் எழுதியதால் நேர்ந்த இழப்பு, இப்போது அதே காரணத்தால் காகிதப் பிராங்கின் சரிவிலிருந்து காப்பாகியது.

இந்தியாவில் இதே ஆண்டுகளில் ரூபாய் விகிதம் அரசியல் வினாவாயிற்று. 18 பென்ஸ் விகிதம் இறக்குமதியை மலிவாக்கி, ஏற்றுமதிப் பொருள் விளைவிக்கும் உழவரின் ரூபாய் வருவாயைக் குறைக்கிறது என்பது 16 பென்ஸ் விகிதத்தைக் கோரியோரின் வாதம். 1923-இல் சட்டமன்றத்தின் எதிர்ப்பை மீறி உப்பு வரி இரட்டிப்பாக்கப்பட்டு, அடுத்த ஆண்டே மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாகத் திரும்பியது. 1930 ஜனவரி இறுதியில் காந்தியடிகள் வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளுள் ரூபாய் விகிதத்தை ஒரு ஷில்லிங் 4 பென்சாக்குதலும், உப்பு வரியை நீக்குதலும் ஒருசேர இடம்பெற்றன. உப்பு வரிக் கோரிக்கை தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் இயக்கமாக மலர்ந்து வரலாற்றில் நிலைத்தது. செலாவணிக் கோரிக்கையோ மறக்கப்பட்டது. மரக்காணம் கரையின் நெடிய வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது, இவ்விரு கோரிக்கைகளும் ஒரே பட்டியலில் அமைந்தது தற்செயல் எனத் தோன்றாது.

8. புதுச்சேரி ரூபாயின் இறுதிக் காலம்: 1945–1954

பிரான்சின் பிற குடியேற்றங்கள் பலவற்றில் பிராங்க் என்ற பெயரிலேயே நாணயம் வழங்கியது. புதுச்சேரியில் ரூபாயே தொடர்ந்தது. 1875-இல் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி பிரெஞ்சு இந்தியாவுக்காக வெளியிட்ட காகிதப் பணமும் ரூபாயிலேயே அமைந்தது. அரிசியும் துணியும் உப்பும் எல்லைக்கு அப்பாலிருந்து ரூபாய் விலையில் வந்துசேரும் ஒரு சிதறிய நிலப்பகுதியில் வேறு நாணயம் நிலைத்திருக்க இயலாது. 1818-இல் உள்ளூர் உற்பத்தி நிறுத்தப்பட்டபின் இப்பிணைப்பு மேலும் இறுகியது எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 டிசம்பர் 26-இல் பிரான்ஸ் தன் நாணய மதிப்பைக் குறைத்தபோது, பிரெஞ்சு இந்திய ரூபாய்க்கு 36 பிராங்க் என்ற விகிதம் குறிக்கப்பட்டது. இது தனியே கணிக்கப்பட்ட எண் அன்று. பவுண்டுக்கு 480 பிராங்க், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் 6 பென்ஸ் என்ற இரு விகிதங்களின் பெருக்கமே 36. 1948 ஜனவரியில் பிராங்க் மீண்டும் குறைக்கப்பட்டபோது பவுண்டு 864 பிராங்காயிற்று, ரூபாய் 64.80 பிராங்காக உயர்ந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டு, ரூபாய், பிராங்க் மூன்றும் டாலருக்கு எதிராக மதிப்பிழந்தன. ரூபாய் 21 அமெரிக்க சென்ட், டாலர் 350 பிராங்க் என்ற விகிதங்களின்படி ஒரு ரூபாய் 73.50 பிராங்க். ஒவ்வொரு முறையும் புதுச்சேரியின் ரூபாய் பாரிசைப் பின்பற்றாமல் இந்திய ரூபாயையே பின்பற்றியது. ஆட்சி பிரான்சிடம் இருந்தது. நாணயம் தென்னார்க்காட்டுச் சந்தையைச் சார்ந்திருந்தது.

1947 ஏப்ரல் 1-இல் இந்தியாவில் உப்பு வரி நீக்கப்பட்டது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது; சட்ட முறையான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவுற்றது. ஆட்சி மாறியபோது மக்கள் தம் விலைக்கணக்கைப் புதிய நாணயத்துக்கு மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. நாணய அளவில் அந்த இணைப்பு முன்னரே நிகழ்ந்திருந்தது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 1815-இன் உப்பு உடன்படிக்கை குறித்த 4 லட்சம் சிக்கா ரூபாய் என்ற மாறாத தொகை, பிராங்குக் கணக்கில் 10.1 லட்சத்திலிருந்து 5.9 லட்சமாகச் சரிந்து, 7.2 லட்சத்தில் நின்று, பின்னர் 39.7 லட்சமாகப் பெருகியது. இம்மாற்றங்களுள் எதுவும் உப்பின் விளைச்சலோடு தொடர்புடையதன்று. எனவே குடியேற்ற ஆட்சிக்காலத் தொகைகளை வேற்று நாணயத்துக்கு மாற்றிக் கூறும் ஆய்வாளர், எந்த ஆண்டின் விகிதம் என்பதைச் சுட்டாமல் கூறுவது பிழைக்கு இட்டுச்செல்லும்.

இரண்டாவது, ஒரே வெள்ளி வீழ்ச்சி பிரெஞ்சு உப்புத்தொகையில் கடன் கொடுத்தவரையும், லண்டன் கடனில் கடன்பட்டவரையும் பாதித்தது. ஒப்பந்தத்தில் நாணயத்தின் பெயரை எழுதும் அதிகாரமே இழப்பைப் பங்கிடும் அதிகாரமாக விளங்கியது.

மூன்றாவது, அந்த இழப்பின் ஒரு பகுதி 1888-இன் வரியுயர்வாக உப்பின் மீது இறங்கியது. ஒரு மணங்குக்குக் கூடிய எட்டணாவில் லண்டன் வெள்ளிச் சந்தையின் வரலாறு அடங்கியுள்ளது. மரக்காணம் உப்பளங்கள் இன்றும் இயங்குகின்றன. அவற்றின் வரலாற்றை எழுதுவோர் மழை, உவர்நீர், உழைப்பு ஆகியவற்றோடு செலாவணியையும் ஒரு காரணியாகக் கொள்ளுதல் வேண்டும். காரைக்கால், வேதாரண்யம் முதலிய பிற உப்புக் கரைகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வது தமிழகப் பொருளியல் வரலாற்றுக்கு வளம் சேர்க்கும்.